கரண்ட் வேண்டாதவர்கள் வீட்டில் மூன்று நாள்

முப்பத்து நான்கு வருடம் ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். அப்படிப்பட்டவனைக் கூட்டிக்கொண்டு போய், சுவரில் ஒரு பிளக் பாயின்ட்கூட இல்லாத வீட்டில் மூன்று நாள் தங்கவைத்தாள் என் மகள் வித்யா. கேட்டால் 'சர்ப்ரைஸ்' என்கிறாள். எனக்கு வந்த கோபம் இதை எழுதும் இந்த நிமிடம்வரை இறங்கவில்லை. யார் மேல் என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

நானும் என் மனைவி சரோஜாவும் நியூ ஜெர்சிக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. எடிசனில் மகள் வீட்டில் எதைத் தொட்டாலும் கரண்ட். ஜன்னல் திரையை இறக்க ஒரு பட்டன். விளக்கு எரிய வேண்டுமானால் சுவரைப் பார்த்து ஆங்கிலத்தில் கட்டளை போட வேண்டும். நான் போடுகிற கட்டளை மட்டும் அதற்குப் புரியாது. லாங் வீக்கெண்டுக்கு பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையில் தங்கப்போகிறோம் என்று வித்யா சொன்னபோது நானும் சரி என்றேன்.

"ரொம்பப் பீஸ்ஃபுல்லா இருக்கும்ப்பா. மாடு, வயல் எல்லாம் பாக்கலாம்."

மாடும் வயலும் பார்க்க இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்று கேட்கவில்லை. நல்ல மாமனாராக இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். எங்கே போனாலும் எடுத்துப்போகிற டெஸ்டரையும் ஜங்ஷன் பாக்ஸையும் பையில் வைத்தேன். சரோஜாவுக்கு வீசிங் உண்டு என்பதால் மூச்சிரைப்புக்கு மருந்தை ஆவியாக்கி மாஸ்க் வழியே கொடுக்கும், வித்யா இங்கே வாங்கிக் கொடுத்த நெபுலைசரையும் மறக்காமல் வைத்தேன். எல்லாமே பிளக்கில் சொருகுகிற சாமான்கள்.

சனிக்கிழமை கிளம்பினோம். மாப்பிள்ளை கார்த்திக் புதிதாக வாங்கியிருப்பது பேட்டரி கார். வழியெல்லாம் ரோட்டைப் பார்த்ததைவிட ஸ்கிரீனில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்ததுதான் அதிகம். ஏ.சி. போட்டால் குறைகிறது என்று அதை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினால் காற்று தடுத்து இன்னும் குறையுமாம், அதையும் ஏற்றிவிட்டார். வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தோம்.

"மாமா, டென்ஷன் ஆகாதீங்க. போன உடனே ப்ளக் இன் பண்ணிடலாம். சாதா வால் அவுட்லெட் போதும், நைட் ஃபுல்லா ஏறிடும்" என்றார்.

கடைசி பத்து மைலில் எங்களுக்கு முன்னால் ஒரு குதிரை வண்டி வந்தது. சாம்பல் நிறப் பெட்டி, பின்னால் ஆரஞ்சு நிறத்தில் முக்கோணம். கார்த்திக் மெதுவாக அதன் பின்னாலேயே போனார். முந்திப்போக வேண்டியதுதானே என்றேன். "ஸ்லோவா போனா சார்ஜ் மிச்சம் ஆகும் மாமா." லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய காரில் உட்கார்ந்துகொண்டு குதிரையின் பின்பக்கத்தைப் பார்த்தபடி ஊர் போய்ச் சேர்ந்தோம்.

பண்ணைக்குள் நுழைந்தபோது பதினோரு சதவீதம் மிச்சமிருந்தது. கார்த்திக் முதல் வேலையாகச் சார்ஜர் கேபிளை எடுத்துக்கொண்டு விருந்தினர் வீட்டைச் சுற்றி வந்தார். நான் டெஸ்டரோடு உள்ளே போனேன். கட்டிலுக்குப் பின்னால் பார்த்தேன். அடுப்படியில் பார்த்தேன். அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். சுவர் வழுவழுவென்று இருந்தது. இருவரும் வாசலில் சந்தித்துக்கொண்டபோது எங்களுடைய முகத்தைப் பார்த்து வித்யாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இவங்க ஆமிஷ்ப்பா. பழைய முறையிலேயே வாழற ஒரு கிறிஸ்தவப் பிரிவு. எலக்ட்ரிசிட்டி யூஸ் பண்ண மாட்டாங்க. கார், டி.வி. எதுவும் கிடையாது. சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னுதான் சொல்லல."

"என்கிட்டயும்தான் சொல்லல" என்றார் கார்த்திக், கையில் கேபிளைப் பாம்பு மாதிரி பிடித்துக்கொண்டு. "ஃபார்ம் ஸ்டேன்னுதானே சொன்ன?"

"வெப்சைட்ட நீதானே கார்த்திக் பாத்த?"

"போட்டோ மட்டும்தான் பாத்தேன்."

கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆன இரண்டு இன்ஜினியர்கள், பேட்டரி காரை எடுத்துக்கொண்டு கரண்டே இல்லாத ஊருக்கு வந்து நிற்கிறார்கள். எங்கள் ஊரில் டிராக்டர் ஓட்டுகிறவர் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்.

வீட்டுக்காரம்மா ரூத், எங்களை வரவேற்க வந்தார். நாற்பது வயது இருக்கும். கருநீலப் பாவாடை சட்டை, தலையில் மெல்லிய வெள்ளைத் தொப்பி, கால் வெறுங்கால். சரோஜாவுக்கு அந்த வெறுங்காலைப் பார்த்ததுமே அவரைப் பிடித்துவிட்டது. உடையில் பட்டனே இல்லை, குண்டூசியால் குத்தியிருக்கிறார். குத்தாதா என்று சரோஜா சைகையில் கேட்க, பழகிவிட்டது என்று ரூத்தும் சைகையிலேயே சொன்னார். இரண்டு பேரும் அதற்குள் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள்.

அன்று பிற்பகல் ரூத்தின் புருஷன் ஆமோஸ் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் ஞாயிறு, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யமாட்டார்கள் என்பதால் இன்றே முடித்தாக வேண்டுமாம். நாலு கோவேறு கழுதைகள் வண்டியை இழுக்கின்றன. வண்டிமேல் ஒரு பெட்ரோல் என்ஜின் படபடவென்று ஓடி, வைக்கோலை அள்ளிக் கட்டுக்கட்டாகக் கட்டிப் போடுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ஜின் ஆகும் என்றால் டிராக்டர் ஏன் ஆகாது? சரோஜா வேலி ஓரமாக நின்று ஒரு மணி நேரம் அதை ரசித்துப் பார்த்தாள். தூசி புகையாகக் கிளம்பியது. உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை. கழுதையையும் என்ஜினையும் திட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

ராத்திரிச் சாப்பாடு ரூத் வீட்டில். வீடு பெரியது, ஆனால் சுவரில் ஒரு காலண்டரைத் தவிர எதுவும் இல்லை. போட்டோ கிடையாது, கண்ணாடி பீரோ கிடையாது. ஜன்னலுக்குப் பச்சைத் துணிச்சுருள். வாசல் ஓரமாக வரிசையாய் மர முளைகள், அதில் வைக்கோல் தொப்பிகள். கூடத்துக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, கழற்றிவைக்கிற பலகை. இவர்களுக்குக் கோயில் கட்டடம் கிடையாதாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யார் வீட்டிலாவது கூடி ஜெபிப்பார்கள், அன்றைக்குப் பலகையைக் கழற்றினால் ஊரே உட்காரலாம். இந்த ஞாயிறு ஜெபம் இல்லாத ஞாயிறு. அதனால்தான் விருந்தாளிகளைச் சேர்த்திருக்கிறார்கள்.

நான் மற்றதைப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் இருக்கிறது, கேஸில் ஓடுகிறது. மிக்ஸி இருக்கிறது, காற்றழுத்தத்தில் சுற்றுகிறது. கொட்டகையில் டீசல் என்ஜின் வைத்துக் காற்றை அடைத்துக் குழாயில் கொண்டுவருகிறார்கள். விளக்கு மரப்பெட்டிமேல் நிற்கிறது, பெட்டிக்குள் பேட்டரி. கரண்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதற்கு இவ்வளவு சுற்றுவழியா? என் வாயை வித்யா அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஆமோஸிடம் நேராகவே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"பேட்டரி ஒரு வேலைக்கு ஒன்று. வேலை முடிந்தால் நிற்கும். கம்பி வந்தால் வீடு முழுக்க வரும், பின்னாலேயே எல்லாம் வரும். எது உள்ளே வரலாம் என்று நாங்கள் கூடிப் பேசித்தான் முடிவு செய்வோம்" என்றார். ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் பேசினார். அவர்களுக்குள் பேசுவது ஒருவகை ஜெர்மன்.

பெரிய மேஜை, இரண்டு பக்கமும் பெஞ்சு. அவர்களுடைய நாலு பிள்ளைகள், நாங்கள் நாலு பேர். சொல்லியிருந்தபடி எங்களுக்கு மாமிசம் இல்லாமல் சமைத்திருந்தார் ரூத். வெண்ணெயைப் பொன்னிறமாக உருக்கி ஊற்றிய நூடுல்ஸ், அவரைக்காய், ஊறவைத்த பீட்ரூட், வீட்டு ரொட்டி, அதற்கு ஆப்பிளைக் கிளறிக் கிளறிக் கறுப்பாக்கிய ஜாம். நான் ஒரு கரண்டி நூடுல்ஸை வாயில் போட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் தலைகுனிந்து, கண்மூடி, சத்தமில்லாமல் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சாப்பிட்ட பிறகும் அதேபோல ஒரு ஜெபம் உண்டு. முதல் ஜெபத்தில் உட்கார்ந்தால் இரண்டாவது ஜெபம் முடியும்வரை யாரும் எழக்கூடாது. சின்னப் பெண் ஒருத்தி நடுவில் இறங்கப் பார்த்தாள். ஆமோஸ் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், அடங்கிவிட்டாள். சரோஜா கொண்டுவந்திருந்த எலுமிச்சை ஊறுகாயை ஆமோஸ் ஒரு முழுத்துண்டாக வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் ஓட, எழுந்துபோய்த் துப்ப முடியாமல் அப்படியே முழுங்கினார். அந்தக் கட்டுப்பாட்டை மட்டும் நான் மனசுக்குள் மெச்சினேன். விதி என்றால் விதி. நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு மனுவிலும் விதியை மீறிக் கையெழுத்துப் போட்டதில்லை. கரண்ட் ஆபீஸில் என் பெயரே 'ரூல் புக்'.

அன்று படுக்கப் போகும்போது சரோஜா இரண்டு தடவை இருமினாள்.

ஞாயிறு காலை கார்த்திக் காரைச் சார்ஜ் பண்ணப் பக்கத்து டவுனுக்குக் கிளம்பினார். மூச்சுக்கூட விடாமல் ஓட்டுவார் போலிருந்தது. நான் காலாற நடந்தேன். ரோட்டோரத்தில் ஒரு சின்ன மரக்கடை. தக்காளி, முலாம்பழம், ஊறுகாய் பாட்டில்கள் எல்லாம் உள்ளே தெரிகிறது. கதவில் ஒரு பலகை: 'ஞாயிற்றுக்கிழமை விற்பனை இல்லை'. கடைக்குப் பின்னால் வீடு. வாசலில் நாற்காலி போட்டு வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். தக்காளி வேண்டும் என்று கேட்டேன். பலகையைக் காட்டிச் சிரித்தார். ஆள் வீடு தேடி வந்து வாசலில் நிற்கிறான், எழுந்து இரண்டு அடி நடந்தால் வேலை முடிந்தது, கிழமையைக் காட்டுகிறான் பாருங்கள் என்று திரும்பி வரும் வழியெல்லாம் பொருமினேன்.

ரோட்டில் ஒரு டூரிஸ்ட் பஸ் நின்றிருந்தது. நடந்துபோகும் ஒரு ஆமிஷ் குடும்பத்தை ஜன்னல் வழியாக எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் முகத்தைப் படம் பிடிப்பதை விரும்பமாட்டார்கள் என்று ரூத் முதல்நாளே சொல்லியிருந்தார். அந்தத் தாய் பிள்ளைகளின் முகத்தைத் தொப்பியை இழுத்து மறைத்தார். மிருகக்காட்சி சாலையா இது? பஸ்ஸைத் தட்டி நாலு வார்த்தை கேட்டேன். ஒருவன் என்னையும் சேர்த்து எடுத்தான்.

திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு. சரோஜா கட்டிலின் விளிம்பில், இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த உட்காரும் முறையைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். தோள் ஏறி ஏறி இறங்கியது. நெஞ்சில் விசில் சத்தம்.

"பஃப் அடிச்சாச்சுப்பா. நாலு வாட்டி. அடங்கவே மாட்டேங்குது" என்றாள் வித்யா. முகம் வெளிறியிருந்தது. "கார்த்திக் லைன்ல கிடைக்கல. இங்க உள்ள சிக்னல் இல்ல. மேல ரோடு வரைக்கும் போய் ட்ரை பண்றேன். நெபுலைசர் வைங்கப்பா!"

ஓடிவிட்டாள். நான் பையிலிருந்து நெபுலைசரை எடுத்தேன். மருந்தை ஊற்றினேன். மாஸ்க்கைச் சரோஜா முகத்தில் மாட்டினேன். பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எத்தனை ஆயிரம் வீட்டுக்கு மீட்டர் மாட்டியவன். மலைமேல் இருக்கிற வீட்டுக்குக் கழுதைமேல் ஒயர் ஏற்றிக் கொண்டுபோனவன். என் பெண்டாட்டி மூச்சுக்குத் தவிக்கிறாள், என் கையில் பிளக் இருக்கிறது, சொருக ஓட்டை இல்லை. ஆமிஷ்காரர்களைத் திட்டினேன். மகளைத் திட்டினேன். டவுனில் நிம்மதியாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் அந்தக் காரைத் திட்டினேன். சரோஜா என்னைப் பார்த்த பார்வையில் எல்லாத் திட்டும் நின்றுபோனது. பயந்திருந்தாள்.

கையிலிருந்த ஒயர் மிஷினிலிருந்து உருவி வந்ததுகூடத் தெரியாமல் ரூத் வீட்டுக்கு ஓடினேன். நூறு அடி இருக்கும். எனக்கு அறுபத்தேழு வயது. வலைக்கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன், மேஜையில் மதியச் சாப்பாடு. ஆறு பேரும் தலைகுனிந்து ஜெபத்தில் இருக்கிறார்கள். ஆவி பறக்கிறது. ஒருவரும் அசையவில்லை.

ஒரு விநாடி தயங்கினேன். பிறகு கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஆங்கிலமா தமிழா என்றுகூடத் தெரியவில்லை. கையில் நெபுலைசர் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது, அதை உயர்த்திக் காட்டினேன்.

ஆமோஸ் எழுந்தார். ஜெபம் முடியவில்லை, சாப்பாடு ஆரம்பிக்கவே இல்லை. பெஞ்சு பின்னால் தள்ளப்பட்ட சத்தம் கேட்டது. என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் கையிலிருந்த ஒயரைப் பார்த்தார், அது போதுமாக இருந்தது. நேராகக் கொட்டகைக்குப் போனார். ரூத் எனக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார், வெறுங்காலோடு, ஜல்லிக்கல் பாதையில்.

ஆமோஸ் ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். அதில் ஒரு பெரிய பேட்டரி, பக்கத்தில் ஒரு இன்வெர்ட்டர், அதில் இரண்டு பிளக் ஓட்டை. நம் ஊரில் கரண்ட் கட் ஆனால் ஓடுமே, அதே இன்வெர்ட்டர். நான் ஒயரை மிஷினில் மாட்டிவிட்டுப் பிளக்கைச் சொருகப் போனேன். மூன்று தடவை தவறியது. ரூத் அதை என்னிடமிருந்து வாங்கி, ஒரே தடவையில் சொருகி, சுவிட்சைப் போட்டார். மிஷின் உறுமியது. மாஸ்க்கில் புகை வந்தது.

ரூத் சரோஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். "மெதுவாக. மெதுவாக உள்ளே" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சரோஜாவுக்கு ஆங்கிலம் அதிகம் வராது. ஆனால் ரூத் தானும் மூச்சை இழுத்து விட, அவளும் கூடவே இழுத்து விட்டாள்.

"பத்து நிமிடம் பார்ப்போம். அடங்காவிட்டால் ஆம்புலன்ஸ்தான்" என்றார் ஆமோஸ் என்னிடம். பாதை முனையில் இருக்கும் மரப்பெட்டி மாதிரியான அறையில் ஊருக்குப் பொதுவாக ஒரு போன் உண்டு. மூத்த பெண்ணை அதன் பக்கத்தில் நிற்கச் சொல்லி அதற்குள் அனுப்பியும் இருந்தார். கதவோரமாகச் சாய்ந்து நின்றவரின் மூச்சும் லேசாக இரைத்தது. "எனக்கும் இதேதான். வைக்கோல் காலத்தில் வரும். இந்த வண்டி எனக்காகச் செய்து வைத்தது" என்றார்.

ஏழாவது நிமிடத்தில் விசில் குறைந்தது. தோள் இறங்கியது. வித்யா மூச்சிரைக்க ஓடிவந்து அம்மாவைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். சரோஜா மாஸ்க்கை விலக்கி முதலில் சொன்னது, "அவங்கள சாப்பிடச் சொல்லுங்க. ஆறிப்போயிருக்கும்."

அவர்கள் சாப்பிடப் போகவில்லை. இன்னும் அரை மணி நேரம் இருந்தார்கள். அதற்குள் கார்த்திக்கும் வந்துசேர்ந்தார். விஷயம் தெரிந்ததும் காரையும் தன்னையும் சேர்த்து ஆங்கிலத்தில் ஏதோ திட்டிக்கொண்டார். வித்யாவும் கார்த்திக்குமாகச் சரோஜாவை டவுனில் அவசர சிகிச்சை கிளினிக்குக்கு அழைத்துப்போய், மருந்து மாற்றி வாங்கிக்கொண்டு வந்தார்கள். பேட்டரி வண்டியை அன்று எங்கள் அறையிலேயே விட்டுவிட்டார் ஆமோஸ்.

சாயங்காலம் ரூத் ஒரு கிண்ணத்தில் சூப் கொண்டுவந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்யக்கூடாது, ஜெபத்தில் எழக்கூடாது, விருந்தாளி வீட்டில் கரண்ட் கூடாது, இத்தனையும் என்னால் கெட்டதே, உங்கள் பெரியவர்கள் எதுவும் சொல்லமாட்டார்களா என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஞாயிற்றுக்கிழமையும் மாடு கறக்கத்தானே செய்கிறோம்" என்றார். "அது வலிக்குமே, கறக்காவிட்டால்."

கிண்ணத்தைச் சாப்பிட்டுவிட்டு வாசலிலேயே வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை கிளம்பினோம். அங்கே திங்கள் துவைக்கிற நாள். பண்ணை பண்ணையாக, வீட்டிலிருந்து கொட்டகை உச்சிவரை கப்பி போட்டுக் கயிறு கட்டி, துணிகளை உயர உயர ஏற்றியிருந்தார்கள். நீலம், பச்சை, கத்திரிப்பூ நிறம், பெரிதிலிருந்து சின்னதுவரை அளவு வாரியாக. கம்பம், கம்பம், நடுவில் கயிறு. கரண்ட் லைன் மாதிரியே இருந்தது. இன்சுலேட்டர் இல்லை, அவ்வளவுதான்.

போகும்போது ஆமோஸிடம் கை குலுக்கினேன். ஏதாவது சொல்ல நினைத்தேன். "உங்கள் பேட்டரி டெர்மினலில் பூஞ்சை பிடித்திருக்கிறது, வெந்நீர் ஊற்றித் துடையுங்கள்" என்பதுதான் வாயில் வந்தது. அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். ரூத்தும் சரோஜாவும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மீதி ஊறுகாய் பாட்டில் அங்கேயே தங்கிவிட்டது.

கார் ரோட்டில் ஏறியது. முன்னால் ஒரு குதிரை வண்டி. எங்களுக்குப் பின்னால் வந்த பெரிய லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தான். குதிரை மிரண்டு காதை மடக்கியது. என்ன அவசரம் இவனுக்கு, அந்த வண்டியில் குழந்தை குட்டி இருக்காதா என்று ஆரம்பித்தேன். வித்யாவிடம் ஆரம்பித்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேறு ஏற்பாடு செய்திருக்கமாட்டேனா? மாப்பிள்ளையிடம் ஆரம்பித்தேன். அப்புறம் மறுபடி ஆமிஷ்காரர்களிடம் வந்தேன். ஒரே ஒரு கம்பி இழுத்துக்கொண்டால் என்ன குறைந்துபோகும், நேற்று அந்தப் பேட்டரியில் சார்ஜ் இல்லாமல் போயிருந்தால்?

பின் சீட்டில் என் பக்கத்தில் கண்மூடிச் சாய்ந்திருந்த சரோஜா, கண்ணைத் திறக்காமலேயே பேசினாள்.

"ஏங்க, தாராபுரம் பக்கம் நாம இருந்தப்போ பழனியப்பன்னு ஒருத்தர் வருவாரே, தோட்டத்து வீட்டுக்காரர். ஞாபகம் இருக்கா?"

யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே தெரிந்தது. அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆயிரம் மனு பார்த்திருக்கிறேன். அவர் தோட்டத்து வீடு கடைசிக் கம்பத்திலிருந்து தள்ளி இருந்தது. நடுவில் பங்காளி நிலம். கம்பம் நட அந்தப் பங்காளி சம்மதக் கடிதம் தரமாட்டேன் என்கிறான். கடிதம் இல்லாமல் லைன் கொடுக்க விதியில் இடமில்லை. மூன்று முறை அதையே எழுதித் திருப்பினேன்.

"அவர் சம்சாரத்துக்கு வீசிங். வீட்டுல மிஷின் வச்சுக்கச் சொல்லிட்டாரு டாக்டர்" என்றாள் சரோஜா. "அவரு நம்ம வீட்டுக்கே வந்தாரு ஒரு நாள். கேட்டுக்கு வெளியவே நின்னாரு. கையில டாக்டர் சீட்டு."

"அது ரூல் சரோஜா. நான் என்ன பண்ண முடியும்? நான் போய்ப் பங்காளிகிட்ட..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டேன். பங்காளியிடம் நான் போயிருக்கலாம். ஒரு கரண்ட் ஆபீஸ் இன்ஜினியர் வீடு தேடி வந்து கேட்டால், அந்தக் காலத்தில், எந்தப் பங்காளியும் இல்லை என்று சொல்லியிருக்கமாட்டான். ஜீப் இருந்தது. இரண்டு மைல்தான். அடுத்த மாதமே எனக்கு மாற்றல் வந்தது. அந்த அம்மா என்ன ஆனார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

"அன்னிக்கும் ஞாயித்துக்கிழமைதான்" என்றாள் சரோஜா. குரலில் கோபம் இல்லை. "திங்கக்கிழமை ஆபீஸுக்கு வாங்கன்னு உள்ள இருந்தே குரல் குடுத்தீங்க. அப்போ இலையில உக்காந்திருந்தீங்க. எந்திரிக்கல."